அறுப்புக் காட்சி

நார்வேயில் நான் இருக்கும் ஊரில், படம் முடிந்ததும் யாரும் எழுவதில்லை. விளக்குத் தூக்கியவரின் பெயர் ஓடி முடியும்வரை, தீபாராதனைக்குக் காத்திருப்பவர்கள் போல அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். கள்ளக்குறிச்சியில் வில்லன் விழும்போதே நாம் வண்டிச்சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவோமே. வந்த புதிதில் அப்படி எழுந்து, இருட்டில் ஒரு பெரியவரின் காலை மிதித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டதும் அவர்தான்.

போன மாதம் நூலகத்துத் திரைப்படக் கழகத்தில் ஒரு தமிழ்ப்படம் போட்டார்கள். வெள்ளைக்காரன் காலம் முதல் நேற்றுவரை, ஒரு பண்ணையார் வீட்டின் நான்கு தலைமுறைக் கதை. நான் போனது கதைக்காக அல்ல. ரிஷிவந்தியம் பக்கம், கல்வராயன் மலை பின்னால் தெரிய எடுத்த அறுப்புக் காட்சியில் என் அப்பா இருக்கிறார். கூலிக்கு நெல் அறுத்தே காலம் தள்ளியவரை, கூலிக்கு நெல் அறுப்பவராக நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நடிப்பென்றால் சும்மாவா என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். "யோவ் பெருசு, சட்டைய கழட்டு" என்று ஒரு கந்தல் துண்டைக் கட்டிவிட்டார்கள். அவருக்கு இடதுகைப் பழக்கம். வலதுகையால் அறுக்கச் சொன்னார்கள், வரவில்லை. அதனால் வரிசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அன்று முழுக்க அந்தச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாளாம்.

படம் வெளிவருவதற்குள் அப்பா போய்விட்டார். என் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படாமல் கிடந்த நேரம், கிளம்ப முடியவில்லை. காரியத்தைக் கைப்பேசியில் காட்டினார்கள். காட்டியவன் அழுத அழுகையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் செருப்புகளும்தான். அசைகிற அப்பா என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு காட்சி.

அம்மா முதல் நாளே பார்த்துவிட்டாள். படம் எப்படி என்று கேட்டேன்.

"படத்த பத்தி எனக்கு இன்னா தெரியும்? உங்கப்பா குனிஞ்சாரு, நிமிந்தாரு. அத பாத்துக்கினே இருந்தன்."

மற்ற ரசிகர்கள் இத்தனை தாராளமில்லை. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியவரிடம் நம்ம ஊர்ப் பையன்கள் சொன்னதை யூடியூபில் பார்த்தேன்.

"மொத பாதி செம இழுவைங்க. அறுப்பு சீனுலாம் எதுக்குங்க? அதான் தெனம் பாத்துக்கினு இருக்கமே."

"அத தூக்கிட்டா படம் நிக்கும்ங்க."

சில நாளில் படத்தின் நீளத்தைக் குறைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. எதைக் குறைத்தார்கள் என்று அதில் இல்லை. வெளிநாட்டுக்கு முழுசாகத்தான் அனுப்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா அனுப்பிவைத்த அந்தச் சட்டையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் இங்கர், என்னோடு தொழிற்சாலையில் மீன் துண்டுபோடுபவள். திரையில் பண்ணை வீடு வந்ததும், "உங்கள் வீடும் இப்படியா?" என்று கிசுகிசுத்தாள்.

"இதைவிடப் பெரிசு. பெருக்க ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டு வந்தேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

நாற்று நட்டார்கள். பச்சை வயல் காற்றில் அசைந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். அடுத்த காட்சியில் களத்தில் நெல் குவிந்து கிடந்தது, மூன்றாம் தலைமுறைக்குக் கல்யாணம். அவ்வளவுதான். பெயர்கள் ஓடியபோது இந்த ஊர்க்காரனைப் போல நானும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு காப்பி கொடுத்து ஆளுக்கொரு கருத்துக் கேட்டார்கள். பட்டுப்புடவை, வெளிச்சம், பாட்டியாக நடித்தவரின் கண்கள் என்று பாராட்டினார்கள். இங்கருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"வயல் பச்சையாக இருந்தது. உடனே நெல் குவிந்துவிட்டது. நடுவில் அறுத்தது யார்?"

"என் அப்பா" என்றேன்.

அறையே சிரித்தது. இங்கர் என் தோளில் தட்டினாள். இவர்களைச் சிரிக்கவைத்தே இங்கே ஓர் இடம் பிடித்தவன் நான். வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

"பாத்தியாடா?"

"பாத்தம்மா."

"எந்தக் கையில அறுத்தாரு, சொல்லு."

"பீச்சாங்கையிலதான்."

"சரி, அங்க குளுரு ஜாஸ்தியாச்சே. சட்ட போட்டுக்கினு இருக்கியா?"

"போட்டுக்கினுதாம்மா இருக்கன்."

பனி விழ ஆரம்பித்திருந்தது. கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை போட்டேன். வெளியே இந்த ஊர்க் கோட்டு. உள்ளே, அன்று வரப்பில் மடிந்து கிடந்த சட்டை, இப்போதும் யார் கண்ணிலும் படாமல்.