ஒன்பது ஆமாம்

தெருவில் அவளை எத்தனையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் டேப்லெட்டோடு வாசலில் நின்று, "எத்தனை பிரசவம், எத்தனையாவது மாசம், எத்தனை கிலோ" என்று கேட்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? தாய்சேய் நலக் கணக்கெடுப்பில் அவளுக்கு இது மூன்றாவது சுற்று. பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களைப் பார்த்து, உண்டான கர்ப்பம் ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு வருமுன் ஏழு வருஷம் வீடு வீடாகப் போய்க் குக்கர் விற்றவள். அந்தத் தொழிலில் அவள் கற்றது ஒன்றுதான்: விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த வார்த்தையை நாம் பேசினால் தள்ளுபடி கொடுக்க வேண்டிவரும். அவர்கள் பேசினால் குக்கர் விற்றுவிடும். இங்கேயும் அதையே செய்தாள். "பிறந்து ஒரு தடவையாவது அழுது, அப்புறம் தங்காமப் போன குழந்தை உண்டா?" என்று கேட்பாள். "இல்லை" என்றதும் மற்றவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். அவள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பாள். முடிந்தால் அந்தப் பெண்ணோடு பின்பக்கம் போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துத் தருவாள். சில வீடுகளில் இரண்டாவது போர்வை மடிவதற்குள் பதில் மாறிவிடும்.

கூட வேலை செய்த எட்டுப் பேரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று தொட்டால் முப்பத்திரண்டு புதுக் கேள்விகள் திறக்கும். "இல்லை" என்று தொட்டால் சாப்பிடப் போகலாம். ஆகவே அவர்கள் பகுதிகளில் குழந்தைகள் சாவது அநேகமாக நின்றே போயிருந்தது. எல்லாம் சரியாக மூன்று கிலோ எடையில், அச்சில் வார்த்த மாதிரி பிறந்துகொண்டிருந்தன.

கடைசியில் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தது. அவள் மேல்தான் வந்தது.

"எட்டு பேரும் சேந்து ஒண்ணு. நீ மட்டும் ஒம்பது. எப்படிம்மா?" என்றார் மேற்பார்வையாளர். எதைப் பார்த்தாலும் அடிக்கோடு போடுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கோடு சார் என்று பெயர்.

"சொன்னாங்க சார், எழுதினேன்."

"வீட்டுல உக்காந்து நீயே போட்டியா?"

"வீட்டுல உக்காந்து போடறவ எதுக்கு சார் முப்பத்திரண்டு கேள்விய இழுத்து விட்டுக்கறா?"

சாருக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் விதி விதிதான். அவர் நேரில் போய் மறுபடி கேட்க வேண்டும். ஒத்துவராத பதில் அழிக்கப்படும். முதல் வீட்டிலேயே ஒத்துவராவிட்டால் ஒன்பதும் அழியும், அவளும் வீட்டுக்குப் போகலாம்.

"போனா போகட்டும், கடைக்கு வந்து பஞ்சர் ஒட்டு" என்றார் டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவர்.

"வேலை கிடக்கட்டும்ங்க. அந்த ஒம்பதையும் எங்கிட்டதான் சொன்னாங்க. இதுல அழிச்சா அப்புறம் எங்கயுமே இருக்காது."



முதல் வீட்டில் மாமியார் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் கைக்குழந்தையோடு கதவோரம் நின்றாள். வழிகாட்ட வந்த எத்தனையக்கா வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. சார் கேள்வியைச் சம்மன் வாசிப்பது போல வாசித்தார்.

"அதெல்லாம் எங்க வீட்ல இல்லீங்க" என்றார் மாமியார்.

"இல்ல சார்" என்றாள் மருமகள், தரையைப் பார்த்து.

சாரின் விரல் திரையை நோக்கி இறங்கியது.

"அம்மா, உங்களுக்கு எத்தனை?" என்றாள் எத்தனையக்கா, மாமியாரிடம்.

"எனக்கு எதுக்கும்மா? அறுபத்தி மூணு ஆச்சு."

"சும்மாதான்."

"நாலு. மூணு பையன், ஒரு பொண்ணு."

எத்தனையக்கா கட்டிலில் குவிந்திருந்த துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். சார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. மூன்று துண்டு மடிந்தது.

"மொதல்ல ஒண்ணு இருந்துச்சு" என்றார் மாமியார். "பொண்ணு. ஒரு ராத்திரி இருந்துச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "நீயும் சொல்லித் தொலையேன்டி" என்றார்.

"நீங்கதானே அத்தை வெளியில சொல்லாதேன்னீங்க?"

"வெளியிலதான் சொல்லாதேன்னேன். இவங்கதான் உள்ள வந்து உக்காந்துட்டாங்களே."

மருமகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து வந்தாள். பையன். இரண்டு நாள். இரண்டு கிலோ நூறு. சார் முப்பத்திரண்டையும் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"என்னுதையும் போட்டுக்கங்க" என்றார் மாமியார்.

"இதுல நாப்பத்தொம்பது வயசோட நின்னுடும்மா" என்றார் சார்.

"அப்ப எனக்குப் பொறந்தது பொறக்கலையா?"

பயிற்சிக் கையேட்டில் இதற்கு விடை இல்லை. சார் சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் 'பெண், ஒரு இரவு' என்று எழுதினார். அது எந்தக் கணக்கிலும் சேராது. மாமியார் எட்டிப் பார்த்து, எழுதியதை உறுதிசெய்துகொண்டுதான் காபி போட எழுந்தார்.

மற்ற எட்டு வீடுகளிலும் சார் வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழகினார். அவருக்கு அது சுலபமில்லை. ஒன்பதில் ஏழு ஒத்துவந்தது. ஒரு வீட்டில் கணவன் அறையை விட்டு நகரவே இல்லை. இன்னொரு வீட்டில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "அப்படி எதுவும் சொல்லலையேக்கா" என்றாள். எத்தனையக்கா அவளை வற்புறுத்தவில்லை. விதிப்படி அந்த இரண்டும் அழிந்தன. வேலை தப்பியது. கூடவே ஒரு மெமோவும் வந்தது: வயது வரம்பைத் தாண்டிய பெண்மணியிடம் அனுமதியின்றிக் கேள்வி கேட்ட குற்றம்.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். இந்தப் பகுதியில் சிசு மரணம் திடீரென்று ஏழு மடங்கு கூடியிருக்கிறது, மேற்பார்வையாளர் என்ன செய்துகொண்டிருந்தார், விளக்கம் தேவை.

சார் அவளைக் கூப்பிட்டார். "என்னன்னு எழுதறது?"

"கேட்டோம், சொன்னாங்கன்னு எழுதுங்க சார்."

"ரெண்டு பக்கத்துக்குக் குறையாம வேணுமாம்."

"அழிச்ச அந்த ரெண்டையும் சேத்து எழுதுங்க. பக்கம் ரொம்பிடும்."

 சார் வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழிச்சதுல மொதல் குழந்தை எத்தனை நாள் இருந்துச்சுன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.