காட்டுச் சேவலை யார் அறுப்பது?

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் எழும். ஆண்டுதோறும் எங்கேயும் போகாமல் முடியும். தெருவெல்லாம் தண்ணீர் இறைக்கும் அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு, மகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் விடுமுறை. சென்ற ஆண்டு மட்டும் என் கணவர் எங்களைக் கேட்காமலேயே தெற்கே மெய்க் தீவுகளில் ஒன்றில் குடில் பேசிவிட்டு வந்தார். முன்னால் கடற்கரை, பின்னால் முந்திரித் தோட்டம், அதற்கும் பின்னால் காடு.

"வேட்டைக்குக்கூட கூட்டிட்டுப் போவாங்களாம்" என்றார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி.

யாங்கூனில் தாமுவே பகுதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். நாள் முழுவதும் கண்ணாடிச் சட்டத்தில் கடுகளவு திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு வேட்டை ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டபோது, "நாமளே பிடிச்சு நாமளே சாப்பிடணும். ஒரு தடவையாவது" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் வீட்டுக்குள் ஒரு பச்சைத் தொப்பி வந்தது. பிறகு கணுக்கால் மூடிய காலணி. பிறகு தோல் உறையில் ஒரு கத்தி. ஏழு வயது மகள் வகுப்பில் எல்லோரிடமும், "எங்க அத்தா வேட்டைக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டாள். நான் என் பங்குக்குக் கொசுவத்தி, காய்ச்சல் மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்தேன். தீவில் பாம்பு கடித்தால் எந்த ஊர் மருத்துவமனைக்கு ஓடுவது என்று கைபேசியில் தேடினேன். கிடைத்த பதிலைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பயணத்தைக் கெடுக்கப் பார்க்கிறேன் என்பார். சொல்லாமல் விட்டதும் தப்போ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு மாலை, மஃரிபு தொழுகைக்குப் பிறகு, மின்சாரம் இருந்த நேரமாகப் பார்த்துக் குடில்காரரை அழைத்தோம். வயதானவர் போலிருந்தது குரல். பர்மிய வழக்கப்படி ஊலே, அதாவது மாமா, என்று கூப்பிட்டோம். கணவர் கைபேசியைப் பாயின் நடுவில் வைத்தார். சுற்றிலும் நான், மகள், கணவரின் அக்கா. அவரை நாங்கள் எல்லோரும் லாத்தா என்போம். எங்களோடுதான் இருக்கிறார், சந்தையில் லோஞ்சித் துணிக் கடை நடத்துகிறார், வாய்க்குப் பயந்து சந்தையே அவருக்கு வழிவிடும்.

கணவர் படகு, சாப்பாடு, தலையணை எல்லாம் கேட்டு முடித்தார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பிடிக்கப் போவது கடிக்குமா?

"ஊலே, அங்கே வேட்டையாடுறது எந்த விலங்கை?" என்று பர்மியத்தில் கேட்டேன்.

"தோட்டத்துக்கு வருமே அம்மா, காட்டுப்பன்றி. நல்ல கொழுத்த பன்றி" என்றார் அவர், பெருமையாக.

லாத்தாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தௌபா, தௌபா! பன்றி பிடிக்கவாடா தொப்பி வாங்கினே?"

"நான் வேட்டை உண்டான்னு கேட்டேன் லாத்தா. அவரு உண்டுன்னாரு."

"எதைன்னு கேக்க மாட்டியா? கடைக்கு வர்றவன் கண்ணாடி வேணும்னா, கிட்டப் பார்வையா தூரப் பார்வையான்னு கேக்காமயா குடுக்கறே?"

மகள் சிரித்து உருண்டாள். கணவரின் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேட்காமல் அங்கே போய் இறங்கியிருந்தால்?

நாங்கள் முஸ்லிம்கள் என்பது ஊலேக்கு அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "சரி, காட்டுக்கோழி பிடிக்கலாமே" என்றார். அவர் விவரித்ததை நான் கன்னத்தில் கை வைத்துக் கேட்டேன். அவரிடம் குஞ்சிலிருந்து வளர்த்த காட்டுச் சேவல் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் அதைத் தோட்டத்து ஓரத்தில் காலில் கயிறு கட்டி நிறுத்துவார்கள். சுற்றிலும் நைலான் கண்ணிகளைக் குச்சியில் கட்டி மண்ணில் ஊன்றுவார்கள். பழகிய சேவல் கூவும். காட்டுக்குள் இருக்கும் சேவலுக்குத் தன் எல்லையில் இன்னொருவன் குரல் பொறுக்காது. சண்டைக்கு இறங்கி வரும். கண்ணியில் கால் மாட்டும்.

நான் விலங்கியல் படித்தவள். படித்த பாடம் கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டில் சொல்லித்தரும் டியூஷனில் மட்டும்தான் உதவியது. அன்று கேள்விகள் தாமாக வந்தன. கட்டிப் போட்ட சேவலை அந்தச் சண்டைக்காரன் குத்திவிடாதா? பெட்டைகள் வராதா? கண்ணி காலை ஒடிக்குமா? ஊலே பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு, "கால் ஒடியாது. ஆனால் ரொம்ப நேரம் விட்டால் தானே துடித்துச் செத்துப்போகும். ஓடிப்போய் எடுக்க வேண்டும்" என்றார்.

அது எங்களுக்கு முக்கியமான செய்தி. செத்துப்போனால் சாப்பிட முடியாது. உயிரோடு எடுத்து, அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுக்க வேண்டும். எனவே யார் எங்கே ஒளிந்திருப்பது, யார் ஓடுவது என்று அன்றே திட்டம் போட ஆரம்பித்தோம். பிஸ்கட் டப்பா மூடி தீவு ஆனது. துவரம்பருப்புகள் கண்ணிகள். மகள் பழகிய சேவலாகப் பாயின் நடுவில் நின்று கூவினாள். லாத்தா காட்டுச் சேவலாக, முந்தானையைச் சிறகுபோல் விரித்துச் சண்டைக்கு வந்தார். மகள் இன்னும் உரக்கக் கூவ, கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் தங்கள் கூரையை இடித்தார்கள்.

"மொத்தத்துல பிடிச்சாச்சு" என்று மூச்சு வாங்க உட்கார்ந்த லாத்தா, திடீரென்று கேட்டார்: "யாரு அறுக்கறது?"

ஊலே பௌத்தர். அவர் அறுத்தால் எங்களுக்கு ஆகாது. யாங்கூனில் எங்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. கோழி கடையிலிருந்து அறுத்து வரும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி ஆட்டை அறுக்கவும் ஆள் வருவார். கணவர் பக்கத்தில் நின்று அந்த ஆளின் தோளைத் தொட்டபடி வேறு பக்கம் பார்ப்பார். வீட்டில் கத்தி வெங்காயத்தோடு சரி.

"நான்தான்" என்றார் கணவர்.

"நீயா? நுள்ளான் எறும்பு கடிச்சாலே எங்களை எழுப்பிக் காட்டுவியே."

"நான்தான் லாத்தா. பிடிக்கிறவன்தானே அறுக்கணும்."

"அத்தா அறுப்பீங்களா? நெசமா?" என்று மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமா."

அடுத்த நாளே அவள் வகுப்பில் இதையும் சொல்லிவிட்டாள். வாக்கு அவர் வாயிலிருந்து வந்தாலும் அதன் கனம் என்னைத்தான் அழுத்தியது. குழந்தை முன்னால் அவரால் முடியாமல் போனால்? முடிந்துவிட்டால் அவள் அதைப் பார்க்கலாமா? தட்டில் வரும் கோழி எங்கிருந்து வருகிறது என்று தெரிவது நல்லதுதான் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள், ராத்திரி அலறி எழுந்தால் என்ன செய்வது என்று நினைப்பேன்.

புறப்படும் வாரத்தில் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு தடவை செஞ்சு பாத்துடறேன். கூட வர்றியா? லாத்தாகிட்ட சொல்லாதே."

தாமுவேயில் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால் ஓடைப் பாலம் தாண்டி தாகேதாவுக்குப் போனோம். சந்தை ஓரத்தில் எங்கள் ஆள் ஒருவரின் கோழிக்கடை. விஷயத்தைச் சொன்னதும் அவர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தார். கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்து, சிறகுகளை மடக்கி, கணவரின் இடது கையில் கொடுத்தார். வலது கையில் கத்தி.

கணவர் நின்றார். கோழியும் சும்மா இருந்தது. கத்தி கொஞ்சம் மேலே வந்தது, நின்றது, கீழே போனது.

"பாய், கோழிதான் உங்களைப் பாத்து பயப்படணும்" என்றார் கடைக்காரர். "நீங்க கோழியைப் பாத்து பயப்பட்டா எப்படி?"

"பயமில்ல" என்றார் கணவர். "நெஞ்சு அடிக்கிறது கையில தெரியுது." கத்தியைப் பலகையில் வைத்தார். அவர் கழுத்தெல்லாம் வியர்வை.

நான் அப்போது கேட்டது என்னையே ஆச்சரியப்படுத்தியது. "பொம்பளைங்க அறுக்கலாமா பாய்?"

"தாராளமா. எங்க அம்மா இந்தக் கடையில அறுத்தவங்கதான்."

கோழியை வாங்கிக்கொண்டேன். கணவர் சொன்னது உண்மை. அந்தத் துடிப்பு விரல்களுக்குள் ஓடியது. ஸ்கேன் அறையில் முதன்முதலில் கேட்ட என் மகளின் நெஞ்சுத் துடிப்பைப்போல அத்தனை வேகம். பிறகு, எப்போதோ ஆய்வுக்கூடத்தில் பார்த்த படம் நினைவில் விரிந்தது. மூச்சுக்குழல், உணவுக்குழல், இரண்டு பக்கமும் ரத்தக்குழாய்கள். உள்ளே அப்படியேதான் இருக்குமா என்று அறிய விரும்பினேன். வெட்கமில்லாமல் சொல்வதானால், அந்த ஆசைதான் முன்னால் நின்றது. பெயர் சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தேன். கை நடுங்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. நடுங்கியிருக்க வேண்டாமா? கணவர் ஜன்னல் வழியே ஓடையைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருமுனையில் இறங்கும்போது, "அங்கே போய் நான் செஞ்சுக்கறேன்" என்றார். நான் சரி என்றேன்.

தீவு, படங்களில் இருந்ததைவிடச் சிறியது. மகளை எதுவும் கடிக்கவில்லை, அவளுக்குக் காய்ச்சலும் வரவில்லை. நான் கொண்டுபோன மாத்திரைகள் பையிலேயே கிடந்தன. இரண்டாம் நாள் விடியலில் முந்திரி மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மகளைக் குடிலிலேயே விட்டுவருவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைப்பதற்குள் லாத்தா அவளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஊலேயின் சேவல் கூவியது. காட்டுக்குள்ளிருந்து சின்னதாக, கரகரப்பாக, பாதியில் வெட்டியதுபோல ஒரு பதில் கூவல். நாட்டுச் சேவல்போல இழுக்காமல் முடிவில் டக்கென்று நிற்கிறது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். லாத்தா என் தொடையைக் கிள்ளினார். மறுபடி கூவல், இன்னும் அருகே. பிறகு இலைகள் மேல் நடக்கும் சத்தம். நெருப்பு நிறக் கழுத்தோடு அது வெளியே வந்து, கட்டிப் போட்டிருந்த சேவலைச் சுற்றி ஒரு அரைவட்டம் போட்டது. பாய்ந்தது. மாட்டியது.

கணவர்தான் முதலில் ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கண்ணியை அவிழ்த்து, கொத்து வாங்கி, கை விரலில் ரத்தம் வர, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கைதட்டிக் குதித்தாள். உறையிலிருந்து கத்தியை எடுத்தார்.

பிறகு தாகேதாவில் நின்றதுபோலவே நின்றார்.

எனக்குத் தெரிந்த எதையும் நான் செய்யவில்லை. முன்னால் போனால் அவரை மகள் முன்னால் தாழ்த்துவதாகுமோ, போகாவிட்டால் அந்தச் சேவல் கையிலேயே வதைபடுமோ என்று இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அவரே மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அத்தாவால முடியலம்மா. பிடிக்க வருது. அறுக்க வரல. உங்க அம்மாவுக்கு வரும்."

"இவளுக்கா?" என்றார் லாத்தா. என்னை மேலும் கீழும் பார்த்தார். கிண்டலுக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். "ஓத வேண்டியது தெரியுமா?"

"தெரியும் லாத்தா."

"அப்ப நிக்காதே. பாவம், அது தவிக்குது."

கணவர் கால்களையும் சிறகுகளையும் பிடித்துக்கொண்டார். மகளைத் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. அறுத்தேன்.

அது அடங்கிய பிறகு மகள் அப்பாவின் பக்கம் போனாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல்தான்.

"உங்களுக்கு ஏன் வரல?"

"நெஞ்சு அடிக்கிறது கையில தெரிஞ்சுது."

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியலையா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தெரியவில்லை என்றால் அவளுக்கு எளிதாக இருக்கும், ஒருவேளை எனக்கும்.

"தெரிஞ்சுது" என்றேன்.

அவள் வெகுநேரம் என் கைகளைப் பார்த்தாள். கழுவியும் நகக்கண்களில் ரத்தம் இருந்தது. பிறகு குந்தி உட்கார்ந்து, சேவலின் கழுத்தடியில் புடைத்திருந்த இடத்தை விரலால் தொட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். தீனிப்பை என்றேன். பார்க்கணும் என்றாள். கணவர் காய்ந்த முந்திரி இலைகளைத் துடைத்து விரித்தார். நான் தோலைக் கீறிக் கொடுத்தேன். அவர் தீனிப்பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை இலையில் தட்டினார். புல் விதைகள், கறையான்கள், உடையாத ஒரு குட்டி நத்தை ஓடு, பெயர் தெரியாத ஒரு சிவப்புப் பழம். இருவரும் தலையோடு தலை முட்ட அவற்றைக் குச்சியால் பிரித்து வைக்க ஆரம்பித்தார்கள்.

லாத்தா அடுப்பு மூட்டப் போனார். நான் கத்தியைக் கழுவிக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்தப் பழம் என்ன பழம் என்று தெரிய வேண்டியிருந்தது.