எப்சி பச்சையாக்க வந்த தெரு

தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போய், "உங்கள் தெருவில் எந்த நிறப் பூ பூத்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்?" என்று உங்களால் கேட்க முடியுமா? கேட்டுவிட்டு அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியுமா?

எப்சிக்கு அதுதான் வேலை. அடையாள அட்டையில் சமூக ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருந்தது. சென்னைப் புறநகரான பம்மலில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வேலைக்கென்று பெங்களூருக்குப் போன கணவன் அங்கேயே தங்கிவிட்டான். பால்வாடியில் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததால் டீச்சர் என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பிழைப்பு முழுவதும் திட்டங்கள்தான். காசநோய், கழிப்பறை, குப்பையைப் பிரிப்பது, மழைநீர் என்று வரிசையாக வந்தன, போயின. ஒவ்வொன்றும் போகும்போது தன் பெயர் அச்சிட்ட துணிப்பை ஒன்றை விட்டுப்போனது. அவள் வீட்டில் அரிசி காசநோயிலும் வெங்காயம் கழிப்பறையிலும் இருந்தன.

ஆரம்பத்தில் ஒரு திட்டம் பாதியில் நின்றால் எப்சி அழுவாள், அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போடுவாள். இப்போது கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கொட்டாவி வந்தது. அதை அவளே கவனித்தாள். கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

இந்த முறை வந்தது பசுமை. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சி நிதி கிடைத்திருந்தது. நெருக்கடியான குடியிருப்புகளில் மக்களையே ஈடுபடுத்திச் செடி வளர்ப்பது எப்படி என்று ஆராய வேண்டும். கூட்டம் போடப் பணம் இருந்தது. பேனருக்கு இருந்தது. டீக்கும் போண்டாவுக்கும், கருத்துக் கேட்கும் டேப்லெட்டுக்கும், வந்த கருத்தை அலசும் நிபுணருக்கும், அந்த நிபுணரின் விமானத்துக்கும் இருந்தது. செடிக்குத் தண்ணீர்? அந்த இடத்தில் 'சமூகப் பங்களிப்பு' என்று போட்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கே லாரியின் பின்னால் ஓடுகிறவர்கள் செடிக்கும் சேர்த்து ஓடட்டும் என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.

தேர்ந்தெடுத்த சில தெருக்களில் ஒன்று, பம்மலின் பழைய தோல் பதனிடும் இடங்களுக்குப் பின்னால் இருந்த தெரு. ஷேர் ஆட்டோ உள்ளே வந்தால் பின்பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். பெண்களில் பாதிப் பேர் பட்டறைகளுக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுக்கிறவர்கள். முதல் கூட்டத்தில் எப்சி செடிகளின் படம் போட்ட பெரிய தாளைச் சுவரில் மாட்டினாள். ஆளுக்குக் கொஞ்சம் வண்ணப் பொட்டுகளைக் கொடுத்து, பிடித்த செடியின் மேல் ஒட்டச் சொன்னாள். தெருவுக்கே குரல் கொடுக்கும் முனியம்மா தாளை மேலும் கீழும் தேடினாள்.

"முருங்க எங்க டீச்சர்?"

"இந்தப் படத்துல இல்லக்கா. மந்தாரை இருக்கு, செம்பருத்தி இருக்கு, சரக்கொன்றை இருக்கு."

"பூவ வெச்சி இன்னா கொழம்பு வெக்கறது?" என்று கேட்ட முனியம்மா, சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த மிருதுளா அதைப் படம் பிடித்தாள். மக்களின் உற்சாகத்துக்குச் சான்றாக அந்தப் படம் பின்னால் பயன்பட்டது.

சிரிப்பை நிறுத்தியது எப்சி கடைசியாகச் சொன்ன விஷயம். செடிகளை நன்றாக வளர்க்கும் தெரு இரண்டாம் கட்டத்துக்குப் போகும். அந்தத் தெருவுக்கு ஆழ்துளைக் கிணறும் பெரிய தொட்டியும் போட்டுக் கொடுப்பார்கள். பேருக்குச் செடிகளுக்குத்தான். ஆனால் குழாய் தெருப்பக்கம் இருக்கும்.

"தொட்டின்னா எவ்ளோ பெர்சு?" என்று முனியம்மா கேட்டாள். எப்சி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அதன் பிறகு யாரும் பூவைப் பற்றிப் பேசவில்லை.

செடிகள் வந்தன, குழிகள் தோண்டி நட்டார்கள், கம்பி வலைக் கூண்டு வைத்தார்கள். தண்ணீருக்கு வழி சொன்னவள் எப்சிதான். தெருமுனையில் எலியேசர் கேன் தண்ணீர்க் கடை வைத்திருந்தார். நிலத்தடி நீரை மெஷினில் விட்டு, நல்லதைக் கேனில் பிடிப்பார். மிச்சம் கழிவுத் தண்ணியாகச் சாக்கடைக்கு ஓடும். காசில்லாத தண்ணீர் என்பதால் பாத்திரம் தேய்க்கவும் துணி அலசவும் தெருவே அதைத்தான் பிடித்தது. வீணாகப் போகிறதைச் செடிக்கு விட்டால் என்ன? எப்சி கேட்டாள். அவளுடைய சர்ச்சுக்கே வருகிற எலியேசர் தன் செலவிலேயே நீளமான ட்யூப் வாங்கி மாட்டினார். மிருதுளாவுக்கும் அது பிடித்துப்போனது. புதுமையான நீர் மேலாண்மை என்று எழுதி அனுப்பினாள். பல்கலைக்கழகத்தில் பாராட்டினார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எப்சியும் கேட்கவில்லை, பட்டம் வாங்கியவர்களும் கேட்கவில்லை.

பெண்கள் முறை போட்டு ஊற்றினார்கள். காலையில் ஊற்றினார்கள், மாலையில் ஊற்றினார்கள். வெயில் ஏற ஏற இலை ஓரங்கள் கருகின. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றினார்கள். முனியம்மா தைத்துக்கொண்டிருந்த கையுறையைப் போட்டுவிட்டு மத்தியானத்திலும் எழுந்து போய் ஊற்றினாள். இலைகள் இன்னும் கருகின.

காரணம் தெரியாத இடத்தில் நம் ஊரில் ஒரு பெண்ணின் தலை உருளும். கடைசி வீட்டில் செல்லம்மா இருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. போன வருஷம் ஜிஎஸ்டி சாலையில் லாரி மோதிப் புருஷன் செத்துப்போனான். அவள் முறை வந்த மறுநாள் ஒரு செம்பருத்தி மொத்தமாகத் தொங்கிவிட்டது. அன்று மாலை முனியம்மா அவள் கையிலிருந்த ட்யூபை வாங்கிக்கொண்டாள்.

"உன்ன ஒண்ணும் சொல்லலமா. உன் கை வேணான்றோம், அவ்ளோதான். தொட்டி வரணும்ல?"

செல்லம்மா புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எப்சி அங்கேதான் நின்றிருந்தாள். பேச வேண்டிய வாய் அவளுக்கு இருந்தது. தெருவைப் பகைத்துக்கொள்ளாதே என்று எல்லாத் திட்டங்களும் சொல்லிக்கொடுத்த பாடமும் இருந்தது. பாடம் ஜெயித்தது. மறுநாள் கம்பி வலைகளில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எப்சியின் சர்ச்சுப் பெண்கள் வந்து அதே செடிகளுக்காக ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். எந்த மதமும் மண்ணைக் கிளறிப் பார்க்கவில்லை.

கணக்கெடுக்க மிருதுளா வந்தபோது தெரு முழுவதும் குச்சிகள் நின்றன. கெட்ட பெண் இல்லை அவள். வெயிலில் முகம் சிவக்க ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தாள். டேப்லெட்டில் காரணம் கேட்கும் இடத்தில் சில விடைகள்தான் இருந்தன. ஆடு மாடு, திருட்டு, வாகனம் மோதியது, மக்களின் ஈடுபாடு குறைவு. அவள் கடைசியைத் தொட்டாள்.

தினமும் இரண்டு வேளை ஊற்றினார்கள் என்று எப்சி சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் மிருதுளா. "ஆனா செடி இல்லையே. டேட்டால வேற எப்படி காட்டறது?"

எப்சிக்குக் கொட்டாவி வந்தது. தெரு செல்லம்மாவின் கையைக் காரணம் என்றது. பல்கலைக்கழகம் தெருவைக் காரணம் என்றது. முதலாவதை நாம் மூடநம்பிக்கை என்கிறோம். இரண்டாவதற்கு முனைவர் பட்டம் கொடுக்கிறோம்.

தெருக்கோடியில் மட்டும் இரண்டு செடிகள் பச்சையாக நின்றன. செல்லம்மா வாசலுக்கு எதிரே. ஒரு மந்தாரையும் ஒரு செம்பருத்தியும். மிருதுளா கிளம்பிய பிறகு எப்சி அங்கே போய் நின்றாள். கதவைத் திறந்த செல்லம்மா பயந்துவிட்டாள்.

"நான் ட்யூப தொடல டீச்சர். அது இம்மாந்தூரம் எட்டாது. வூட்டுக் கொடத்துல மிஞ்சின லாரித் தண்ணி, அத்ததான் ஊத்தினேன். கண்ணு முன்னால காஞ்சிகினு கெடந்துச்சி, பாக்க பேஜாரா இருந்துச்சி. முனிம்மாக்காகிட்ட சொல்லாத."

எப்சி அவள் வாசல் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கறுப்பாக, ஈரமாக இருந்தது. திரும்பி நடந்து, ட்யூப் எட்டிய இடத்தில் செத்துக் கிடந்த செடியின் அடியில் விரலால் கீறினாள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அவள் வீட்டில் துணி அலசும் பக்கெட்டின் அடியில் படிகிற அதே வெள்ளை.

எலியேசர் கடையில் பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவு எண்ணாகத் தெரியும். புது வாடிக்கைக்காரர்களுக்குத் தன் கேன் தண்ணீரின் நல்லதனத்தைக் காட்ட அதை வைத்திருந்தார். கழிவுத் தண்ணியில் முக்கச் சொன்னாள் எப்சி. அவர் அதுவரை அப்படிச் செய்ததே இல்லை. எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. கேனுக்குள் போகாத உப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

"எனக்கு செடி கிடி தெரியாது சிஸ்டர்," என்றார் எலியேசர். "ட்யூப் வேணும்னு கேட்டீங்க, வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா. நான்தான் கேட்டேன்."

அவ்வளவு பெண்களும் அவ்வளவு நாளும் அக்கறையாகச் செடிகளுக்கு உப்பு ஊற்றியிருக்கிறார்கள். ஈடுபாடு குறைவாக இருந்திருந்தால் சில செடிகளாவது பிழைத்திருக்கும்.

சொல்லாமல் இருக்கலாம் என்று எப்சிக்குத் தோன்றியது. சொன்னால் தவறு அவள் தலையில் விடியும், அடுத்த வேலை கிடைக்காது. சொல்லாவிட்டால் தெருவின் பெயர் கெட்டது கெட்டதுதான், தொட்டி போய்விடும். இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். எதற்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. காய்கறிக் கடையில் எதை வாங்குவது என்று நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகத் தாம்பரம் பஸ்ஸில் ஏறினாள்.

பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய அறையில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. தன் முறை வந்ததும் எப்சி எழுந்து, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் யோசனை தன்னுடையது. பெண்கள் ஒருநாளும் தவறாமல் ஊற்றினார்கள். நல்ல தண்ணீர் ஊற்றிய இரண்டு செடிகளும் உயிரோடு இருக்கின்றன. மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், எழுதியதை மாற்றுங்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முக்கியமான கற்றல் என்று தலைமைப் பேராசிரியர் நன்றி சொன்னார். மண் பரிசோதனைக்கு இந்த நிதியில் இடமில்லை, இது மக்கள் ஈடுபாட்டுக்கான நிதி என்று விளக்கினார். இரண்டாம் கட்டத்துக்கு ஊரப்பாக்கம் பக்கத்தில் சுற்றுச்சுவர் கட்டிய ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து அறிக்கையும் அனுப்பியாகிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஆழ்துளைக் கிணறு இருந்தது, சம்பளத்துக்குத் தோட்டக்காரர் இருந்தார், செடிகள் எல்லாம் உயிரோடு இருந்தன. ஆகவே அங்கே ஈடுபாடு அதிகம். செல்லம்மாவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பெட்டிச் செய்தி போடலாம், படம் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

எப்சி திரும்பி வந்து பெண்களிடம் நேராகச் சொன்னாள். "நான் சொன்ன தண்ணிதான் செடிய கொன்னுது. உங்க மேல தப்பு இல்ல. செல்லம்மா மேலயும் இல்ல."

முனியம்மா தையலை நிறுத்தவில்லை. "அப்ப தொட்டி?"

"வராதுக்கா."

ஊசி தோலுக்குள் போய் வந்தது. "நாங்க ஊத்தலன்னா எழுதிட்டானுங்க?" என்று முனியம்மா கேட்டாள். ஆமாம் என்றாள் எப்சி. முனியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கையுறையை எடுத்தாள்.

செல்லம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில நாளில் அவள் கை ராசியான கை என்று பேச்சு மாறியது. புதுக்குடத்தில் முதல் தண்ணீர் பிடிக்க அவளைக் கூப்பிட்டார்கள். உப்பைப் பற்றி எப்சி இன்னொரு முறை விளக்கினாள். தலையாட்டினார்கள். டீச்சர் கைதான் ஆகாத கை என்று அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் ஈடுபாடு குறைவு என்பது அப்படியே இருந்தது. உப்பு, பின்னிணைப்பில் ஒரு வரி. எப்சி இப்போது டெங்கு கொசுத் திட்டத்தில் வீடு வீடாகப் பூந்தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாளை உங்கள் தெருவுக்கும் ஆராய்ச்சி நிதியோடு யாராவது வருவார்கள். கதவைச் சாத்தாதீர்கள், போய்க் கூட்டத்தில் உட்காருங்கள். வந்தவர் எப்சி மாதிரி ஒருத்தியாக இருந்தால் அவளைக் குடையாதீர்கள், அவளை அனுப்பியவர்களை வரச்சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், அதைச் சோதித்தது யார் என்று கேளுங்கள். தோற்றுப்போனால் காரணத்தை எழுதுவது யார், எழுதியதை அனுப்பும் முன் எங்களுக்குப் படித்துக்காட்டுவீர்களா என்று கேளுங்கள். பதிலைக் கையெழுத்தோடு கொடுக்கும்வரை ஒரு குழிகூடத் தோண்ட விடாதீர்கள்.