பொன்னி சங்கத்தில் சேர்ந்த வருஷம்

“பட்டா யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டார் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளர்.

“ஈஸ்வரன் பேர்ல சார். கோயில் நெலம். நாங்க குத்தகைக்குப் பயிர் வைக்கிறோம்” என்றாள் பொன்னி.

“அப்ப அந்த ஈஸ்வரனயே வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்மா.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூடப் போயிருந்த எனக்கு, சாமியை இழுத்துப் பேசியது நெஞ்சில் தைத்தது. “சிவ சிவா” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பொன்னி அசரவில்லை.

“அவரு வந்தா நீங்க நாற்காலிய வுட்டு எழுந்திரிக்கணும் சார். பரவாயில்லயா?”

பொன்னி எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. கீரப்பாளையத்தை ஒட்டி எங்கள் ஊர். புருஷன் கொளஞ்சியப்பன் காமாலையில் போன பிறகு, நாற்று விடுவதிலிருந்து களத்தில் நெல் தூற்றுவது வரை அவளே நின்று பார்த்தாள். உரம் மட்டும் சபாபதியின் கடையில் கடனுக்கு. உரம் கொடுப்பவரும் அவர், அறுப்பானதும் நெல்லை அள்ளிப் போகிறவரும் அவர். என்ன விலை என்பது அவர் வாயிலிருந்து வருவதுதான்.

2005 வெள்ளத்தில் அவள் வயலும் எங்கள் வயலும் சேர்ந்தே மூழ்கின. நடுவில் ஒரு வரப்புதான். என் வீட்டுக்காரர் சங்கத்து உறுப்பினர். பயிர்க்கடன் கொடுத்தபோதே இன்சூரன்சுக்கும் பணம் பிடித்திருந்தார்கள். எங்களுக்கு இழப்பீடு வந்தது. மறு வருஷம் அரசாங்கம் கடனையும் தள்ளுபடி செய்தது. பொன்னிக்கு ஒன்றும் இல்லை. அதே தண்ணீர், அதே அழுகல்.

“வர்ற சம்பாவுக்குள்ள நானும் சேந்துடணும்க்கா. என் நெல்ல எனக்குப் புடிச்ச ஆளுக்கு நான் விக்கணும்” என்று 2007 ஆனியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

செயலாளர் பிறகு இறங்கி வந்து வழி சொன்னார். குத்தகைக்காரரும் சேரலாமாம். ரேஷன் கார்டு, போட்டோ, பங்குத் தொகை, பழைய உறுப்பினர் ஒருவரின் சிபாரிசு. அதோடு, அவள்தான் சாகுபடி செய்கிறாள் என்று கோயில் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து வி.ஏ.ஓ. அடங்கல் என்ற சாகுபடிச் சான்று கொடுப்பார். சிபாரிசுக் கையெழுத்தை என் வீட்டுக்காரர் அன்றைக்கே போட்டுவிட்டார்.

சிக்கல் கோயிலில்தான் இருந்தது. குத்தகை ரசீது இன்னும் அவள் மாமனார் சாமிக்கண்ணு பேரிலேயே வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி வெகுகாலம் ஆகிறது. அவர்கள் வீட்டில் அதை யாரும் தவறாக நினைத்ததில்லை. அறுப்பு முடிந்ததும் புது நெல்லையும் அந்த வருஷத்து ரசீதையும் பெரியவர் படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தடவிக் கும்பிடுவார்கள். “அப்பா பேர் இருக்குற வரைக்கும் நெலம் நம்மள வுட்டுப் போவாது” என்பான் கொளஞ்சியப்பன். பக்தியில் செய்ததுதான். அந்தப் பக்தியே இப்போது குறுக்கே வந்து நின்றது.

கோயில் கணக்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “செத்தவருதான் இத்தன வருஷமா குத்தகை கட்டிட்டு இருந்தாரா? நல்ல ஆளுங்கம்மா நீங்க! பேர் மாத்த கடலூர் அறநிலையத்துறை ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வரணும்.”

மாமனாருக்கு இறப்புச் சான்று, புருஷனுக்கு இறப்புச் சான்று, அதன் பிறகு வாரிசுச் சான்று. எல்லாம் சேர்த்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினால், “சார் கேம்ப்.” அடுத்த முறை போனால், “சார் மீட்டிங்.” திரும்பும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி, நடராசரிடம் அவளுக்காக வேண்டிக்கொள்வேன்.

“அவர எதுக்குக்கா தொந்தரவு பண்ற? அவரு பேர்ல பட்டா இருக்கப் போய்தான் இவ்ளோ அலைச்சல்” என்பாள்.

எனக்குக் கோபம் வரும். அவள் செருப்பு அறுந்து கிடப்பதைப் பார்த்தால் அது அடங்கிவிடும்.

உத்தரவு வந்தபோது கார்த்திகை. நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிவிட்டது. சபாபதி கடை உரத்தில்தான்.

செயலாளர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். “எல்லாம் சரியா இருக்கும்மா. உறுப்பினரா சேத்துக்கலாம். ஆனா இந்த சம்பாவுக்குக் கடன் குடுத்து முடிச்சாச்சு, இன்சூரன்ஸ் தேதியும் போயிடுச்சு. அடுத்த வருஷம் வா.”

“வீட்டுக்குப் போவலாம் வாடி” என்றேன். எனக்கே வெறுத்துவிட்டது. அவள் நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பங்குத் தொகையைக் கட்டினாள்.

தை மாதம் சபாபதியின் லாரி களத்துக்கு வந்தது. “மெம்பரம்மா, மூட்டையத் தூக்கலாமா? இல்ல, சங்கத்துல கேட்டுட்டு வரணுமா?” என்றார் அவர். அவருடைய தராசு, அவர் சொன்ன விலை. பொன்னி சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பெரியவர் படத்துக்கு முன்னால் புது நெல் இருந்தது. ரசீதைக் காணோம். முதல் முறையாக அவள் பேரில் வந்த ரசீது.

“ரசீத வைக்கலயா பொன்னி?”

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். புடவைகளுக்கு அடியில் அடங்கலோடு சேர்த்து மடித்து வைத்திருந்தாள். மஞ்சள் படவில்லை.

“மாமாவுக்கு நெல்லு போதும்க்கா. இது ஆடியில சங்கத்துல காட்டணும்” என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினாள்.