மலீஹே கொடுக்க முடியாத சரவிளக்கு

புத்தாண்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது மலீஹேயின் வலது தோள்பட்டை இறுகிப் போயிற்று. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவ வேண்டிய நாட்கள் அவை. கம்பளம், திரைச்சீலை, அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தூசி, எதுவும் தப்பக் கூடாது. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் மாற்றுச் சான்றிதழ் எழுதி ஓய்வு பெற்றவள், வேலைக்கு அஞ்சுகிறவள் அல்ல. அவள் அஞ்சியது கூடத்தின் நடுவில் தொங்கிய அந்தச் சனியனுக்குத்தான்.

பன்னிரண்டு பித்தளைக் கைகள், இருநூற்றுப் பதினாறு படிகத் தொங்கல்கள். கல்யாணச் சீரோடு கொடுக்க அவளுடைய அப்பா விளக்குக் கடைகள் நிறைந்த லாலேஸார் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய சரவிளக்கு. அப்பா வீட்டுக் கூரைக்கு அது பொருந்தியிருக்கும். மகளுக்கு வாய்த்த கூரைகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஏழு வாடகை வீடுகள், எட்டாவதாகச் சொந்தத்தில் இந்த மூன்றாம் மாடி. ஒவ்வொரு முறையும் கழற்றி, ஒவ்வொரு தொங்கலையும் செய்தித்தாளில் சுற்றி, புது வீட்டில் மறுபடி கோத்து மாட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கூரை முந்தைய வீட்டை விட ஒரு சாண் குறைவு. சங்கிலியை வெட்டி வெட்டிக் கடைசியில் சங்கிலியே இல்லாமல் போயிற்று. அப்படியும் அவள் கணவன் ஹுஷங் நெட்டையன், வாரத்துக்கு ஒருமுறை நெற்றியில் இடித்துக்கொள்வான். அதனால் சாப்பாட்டு மேசையை விளக்குக்கு நேர் கீழே இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் நேராக நடந்ததில்லை.

"நம்ம வீட்டுல விளக்கு இருக்கா, இல்ல விளக்கோட வீட்டுல நாம இருக்கோமா?" என்பான் ஹுஷங், நெற்றியைத் தடவிக்கொண்டே.

வேண்டாமென்றால் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். ஹுஷங்கின் அண்ணன் மனைவி தூரான், மலீஹேயின் மூத்த ஓரகத்தி, முப்பத்து நான்கு வருடமாக இவர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி, "மலீஹே ஜான், உங்க விளக்கு என்ன அழகு!" என்று சொல்லி வருகிறாள். அப்படி ஒருவர் சொன்னால் பதில் ஒன்றுதான் உண்டு. "உங்களை விடவா அது பெரிசு? உங்களுக்கே காணிக்கை, எடுத்துட்டுப் போங்க." மலீஹேயும் ஒரு தடவைகூடத் தவறாமல் அப்படியே சொல்லி வந்திருக்கிறாள். முப்பத்து நான்கு வருடம் ஒருத்திக்குக் காணிக்கை என்று சொன்ன பொருளைத் தெருவில் வரும் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தால் குடும்பத்தில் என்ன பேசுவார்கள்? எங்களுக்குத் தர மனசில்லை, குப்பைக்காரனுக்குத் தர மனசிருக்கு என்பார்கள். கொடுத்தால் தூரானுக்குத்தான் கொடுக்க வேண்டும். தோளில் மருந்துத் தைலம் நாற, தொலைபேசியை இடது கையால் எடுத்தாள்.

"தூரான் ஜான், அந்த விளக்கை நீங்க எடுத்துக்கோங்க."

"ஐயோ, உங்க கை வலிக்காம இருக்கட்டும்!" என்று தூரான் நன்றி சொன்னாள். "சொன்னதே போதும், எடுத்துக்கிட்ட மாதிரி."

"இல்ல, நிஜமாவே சொல்றேன். உபசாரத்துக்குச் சொல்லல."

"உபசாரத்துக்குச் சொல்றவங்களா நீங்க? உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

"என் சாவு மேல ஆணை, எடுத்துக்கோங்க!"

"கடவுள் அப்படி ஒண்ணு வைக்காம இருக்கட்டும். விளக்கும் இருக்கட்டும், நீங்களும் இருங்க."

மலீஹே தொலைபேசியை வைத்துவிட்டு அதையே முறைத்தாள். இனி எந்த வார்த்தையைச் சொல்வது? உபசாரமில்லை என்பதும் உபசாரம். ஆணையும் உபசாரம். சும்மா சொல்லிச் சொல்லி எல்லா வார்த்தையையும் தேய்த்து வைத்தாயிற்று. உண்மைக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்கவில்லையே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, பேசினால்தானே வம்பு. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரைப் பிடித்து விளக்கை இறக்கினாள். நான்கு அட்டைப் பெட்டிகளில் அடைத்து, வெள்ளிக்கிழமை காலை ஹுஷங்கோடு வாடகைக் காரில் ஏற்றி அனுப்பினாள். நடுப்பகலுக்கு மேல் ஹுஷங் திரும்பி வந்தான். நான்கு பெட்டிகளும் கூடவே வந்தன. மேலே ஒரு கிலோ இனிப்பு வேறு.

"என்ன இது?"

"வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்துக்கோங்க அண்ணின்னேன். வேண்டாம்னாங்க. மறுபடி சொன்னேன், மறுபடி வேண்டாம்னாங்க. மூணாவது தடவையும் சொல்லிப் பாத்துட்டேன்."

"வாசல்ல வெச்சுட்டு வர வேண்டியதுதானே?"

"அப்படிப் போட்டுட்டு வர நான் என்ன கூரியர்காரனா? உக்காருங்கன்னாங்க, உக்காந்தேன். சாப்பிடுங்கன்னாங்க, சாப்பிட்டேன். கீரைக் குழம்பு பிரமாதம்."

"உங்களை அனுப்பினேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும்!"

அதோடு முடிந்ததா? ஞாயிற்றுக்கிழமை தூரானே வந்து சேர்ந்தாள். மறுத்தது மனதில் குறையாகிவிடக் கூடாது என்று விளக்கம் சொல்ல வந்திருக்கிறாள். பெட்டியிலேயே கிடந்தால் பித்தளையில் களிம்பு ஏறும் என்று மலீஹே அப்போதுதான் எல்லாவற்றையும் தரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் பரப்பி, வினிகர் கலந்த தண்ணீரில் முதல் இருபது தொங்கல்களைப் போட்டிருந்தாள். தேநீர் கொடுத்தாள். தூரான் கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தாள். பிறகு விரிப்பைப் பார்த்துத் தலையசைத்து, "கீழ கிடக்கும்போதுகூட என்ன அழகு!" என்றாள்.

மலீஹேக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"அழகா? எனக்கு இதைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது, தூரான்! என் தோள் போச்சு. அவர் மண்டை போச்சு. ஒவ்வொரு வருஷமும் இருநூத்திப் பதினாறு தடவை துடைச்சுத் துடைச்சு என் ஆயுசே போச்சு. எனக்கு வேண்டாம். நீங்க எடுத்துட்டுப் போனா எனக்கு உபகாரம். புரியுதா? உபகாரம்!"

'ஜான்' என்ற செல்ல அழைப்பும் இல்லை, காணிக்கையும் இல்லை. உள்ளறையில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த ஹுஷங் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தான்.

தூரான் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் விருந்தாளிச் சிரிப்பு இப்போது இல்லை.

"இப்ப நிஜமா சொல்றீங்க," என்றாள். "என் நர்கிஸைப் பெண் பாக்க வரப் போறாங்கன்னு ஆன அந்த வாரம் நான் இங்க வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

மலீஹே தலையசைத்தாள்.

"எனக்குக் கல்யாணம் ஆனப்போ யுத்தம். ஊர்ல குண்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. சீர்ல விளக்கு கேக்கற காலமா அது? வெறும் பல்புதான். அப்புறம் வாங்கலாம், அப்புறம் வாங்கலாம்னு பொண்ணு வளர்ந்துட்டா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா முதல்ல அண்ணாந்துதானே பாப்பாங்க? ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேக்கலாம்னு வந்தேன். வாய் வரல. வழக்கம்போல அழகா இருக்குன்னேன். நீங்க எடுத்துட்டுப் போங்கன்னீங்க. நான் சிரிச்சுக்கிட்டே, 'சரி, எடுத்துக்கறேன்'னேன்."

மலீஹேக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது அந்த விளக்கு அவளுக்கு உயிர். தேநீர் கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் ஓடி, அடுப்புக்கு முன்னால் நின்று, இவள் நிஜமாகவே கேட்டுவிட்டாளா என்று நடுங்கினாள். திரும்பி வந்தபோது அத்திப்பழ விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"எடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்," என்றாள் இப்போது, மெதுவாக. "அதான் உள்ள போனேன்."

"தெரியும். பத்து நிமிஷமா தேநீர் வரல. அப்புறம் எங்க வீட்டுல மாப்பிள்ளையோட அம்மா வந்து உக்காந்ததும் அண்ணாந்து பாத்தாங்க. மொட்டை பல்பு. கல்யாணம் நடந்துடுச்சு, நர்கிஸ் நல்லா இருக்கா, அது வேற. ஆனா அந்தம்மா பல்பைப் பாத்த பார்வை இன்னும் என் கண்ணுல நிக்குது."

"என்கிட்ட வாய் விட்டுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே!" என்றாள் தூரான். "அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏன் அதைப் புகழ்ந்தேன்னு நினைக்கிறீங்க? அழகா இருக்குன்னு சொன்னதும் உங்க முகம் ஒரு நொடி வெளுக்கும். இவ மறுபடி சரின்னு சொல்லிடுவாளோன்னு. அதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா அன்னிக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வரும்."

மலீஹேக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கழுத்து வரைக்கும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் தூரானை அவள் அசடு என்று நினைத்திருந்தாள். வினிகர்த் தண்ணீரில் கையை விட்டு, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதை நான் யாருக்குத்தான் கொடுக்கறது?"

"எனக்குத்தான் கொடுக்கணும்," என்றாள் தூரான், முக்காட்டைச் சரிசெய்து எழுந்தபடி. "நான் வாங்கிக்க மாட்டேன்."

வாசல் வரை மலீஹே கூடப் போனாள். இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன், சாப்பிட்டுப் போங்களேன் என்று எதுவும் அவளால் சொல்ல முடியவில்லை. தூரானும் எதிர்பார்க்கவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

ஹுஷங் அறை வாசலில் தலையை நீட்டி, "என்னவாம்? எடுத்துக்கறாங்களாமா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் மலீஹே. விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து அடுத்த தொங்கலை எடுத்தாள். இருட்டுவதற்குள் இருநூற்றுப் பதினாறையும் இடது கையால் துடைத்து முடித்தாள். ஒவ்வொரு வருடமும் திட்டிக்கொண்டே கழுவுகிறவள், அந்த வருடம் யாரையும் திட்டவில்லை.