வண்டி எந்தக் கொட்டகைக்கு

ஏம்பலம் கீழத்தெருவில் இந்த வாரம் எந்தப் படம் பார்ப்பது என்பதைத் தையலம்மாள்தான் முடிவு செய்வாள். அவளை யாரும் நியமிக்கவில்லை. வயது நாற்பத்தைந்து, நான்கு காணியில் நெல்லும் கரும்பும், எழுத்து தெரியாது. வடக்கே வில்லியனூரில் ஒரு டூரிங் கொட்டகை, தெற்கே பாகூரில் ஒன்று. தெருவில் இருந்ததோ பலராமனின் மாட்டு வண்டி மட்டும். கரும்பு வெட்டு முடிந்த மாதங்களில் ஞாயிறுதோறும் எட்டுப் பெண்கள் அதில் ஏறுவார்கள். வண்டி ஏதாவது ஒரு பக்கம்தானே போக முடியும்?

தமுக்கடித்து வீசிப் போகும் நோட்டீசை அவள் நம்புவதில்லை. நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் தாயாரம்மாளிடம் கதை கேட்பாள். தாயாரம்மாள் சினிமாப் பைத்தியம். இரண்டு கொட்டகையிலும் புதுப்படத்தை முதலில் பார்த்துவிடுவாள். கூடையைத் தலையில் வைத்தபடியே அவள் கதை சொன்னால் படம் சுமார். தன்னை அறியாமல் கீழே இறக்கிவிட்டுச் சொன்னால் வண்டி அங்கே போகலாம். இது நம்பத்தக்க அளவுகோலா என்ற சந்தேகம் பலராமனுக்கு இருந்தது.

"கழுத்து வலிச்சாக்கூட எறக்குவாளே யக்கா?"

"கழுத்து வலிச்சவ கழுத்தப் புடிப்பாடா. கத சொல்றவ கைய ஆட்டுவா. எனக்குத் தெரியாதா இன்னா?"

பத்துக்கு ஏழு முறை அவள் சொன்னது சரியாக இருந்தது. மற்ற மூன்று முறை, பிழை படம் பார்த்தவர்களுடையது என்றாள்.

1941ஆம் ஆண்டு சித்திரையில் ஒரே வாரத்தில் இரண்டு ஊரிலும் படம் மாறியது. வில்லியனூரில் சாமி படம். பாகூரில், கோர்ட்டில் தானே நின்று புருஷன்மேல் வழக்காடும் ஒருத்தியின் கதை. தையலம்மாளின் மகள் கஸ்தூரி பிரசவத்துக்கு வந்திருந்தாள். மூன்று மாதக் குழந்தையோடு செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் கொட்டகைக்குப் போவதில்லை. இந்த ஞாயிறை விட்டால் அவளுக்கு இனி எப்போது படம் என்று சொல்ல முடியாது.

"எனக்குப் பாகூர்தாம்மா பாக்கணும்."

"தாயாரு வரட்டும்டி."

தாயாரம்மாள் ஞாயிறு காலை வந்தாள். கோர்ட்டுக் கதையைக் கூடையோடு நின்றே நாலு வார்த்தையில் முடித்தாள். சாமி படத்தைத் தொடங்கியதும் கூடை தரைக்கு வந்தது. காக்கை ஒன்று மீனைக் கொத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தெருப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கஸ்தூரி குழந்தையோடு உள்ளே போனாள்.

தையலம்மாள் மகள் போன திசையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பலராமா, பாகூருக்குக் கட்டு."

"அது எப்டி? கூடைய எறக்குனாளே, நாங்க பாத்தமே!" என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மாள்.

"எறக்குனா. யாரு இல்லன்னா? சாமி படம் நல்லாத்தான் இருக்கும். அது அடுத்த வாரமும் ஓடும். எம் பொண்ணு அடுத்த வாரம் இருக்க மாட்டா."

"அப்ப உம் பொண்ணுக்காக நாங்க கோர்ட்டு வாசல்ல குந்தணுமா?"

"ஒரு நாளு குந்துடி. ஒண்ணும் தேஞ்சிட மாட்ட."

முணுமுணுத்தபடியே எல்லோரும் ஏறினார்கள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. கஸ்தூரி எழுந்தாள். தையலம்மாள் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாடுகள் கட்டியிருந்த இடத்தில் நடந்துகொண்டே தூங்கவைத்தாள். குழந்தை தூங்கிய பிறகும் உள்ளே போகவில்லை. போனால் மறுபடி விழித்துக்கொள்ளும்.

படம் விட்டது. மணியம்மாள் முதல் ஆளாக வந்தாள். "ஒரு சாமிகூட வரல. பேச்சு, பேச்சு, பேச்சு!"

பலராமன் மாட்டைப் பூட்டியபடி, "படம் எப்டி யக்கா?" என்றான்.

"நல்ல படம்டா."

"நீதான் பாக்கவே இல்லியே!"

"எல்லாரும் வந்துட்டாங்க. எம் பொண்ணு உள்ள குந்துன எடத்துலேருந்து இன்னும் எழுந்திரிக்கல, பாரு."