சலவை அறையின் அலமாரி

சிறுவயதில் என்னால் தாண்ட முடியாமல் போன ஒரு சலவை அறையைப் போன மாதம் தாண்டிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முப்பதை நெருங்குகிறவள் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லைதான். ஆனாலும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அது ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகம். மலைமேல் பாழடைந்த ஆஸ்பத்திரி, அதற்குள் தங்கையைத் தேடி அலையும் ஒரு பெண், கையில் டார்ச், எப்போதும் போதாத பேட்டரி. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஒரு காவலாளி வருவான். அவனோடு சண்டை போட முடியாது. ஒளிந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் செத்துப்போகலாம். அதையே இப்போது மெருகேற்றி மறுபடி விற்கிறார்கள். பழைய பாசத்தில் வாங்கிவிட்டேன்.

எங்கள் வீடு உறையூரில். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. உதிரி பாகங்களைச் சேர்த்து அவரே ஒன்றை உருவாக்கி உள்ளறையில் வைத்திருந்தார். முதல் பாகத்தை நானும் அவரும் சேர்ந்துதான் முடித்தோம். சேர்ந்து என்றால், அவர் ஆடுவார், நான் கத்துவேன்.

இரண்டாம் பாகத்தின் சிடியை மாமா கொண்டுவந்த சமயத்தில்தான் சித்தியும் வந்தாள். அம்மாவின் தங்கை, ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது வழக்கம். தாத்தா பாட்டி இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது என்பதால், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அவள் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

தெரியாமல் வரவும் அவளுக்குத் தெரியும். நாங்கள் கேமில் மூழ்கியிருக்கும்போது கையை அசைக்காமல் மெதுவாக வந்து, என் காதருகே வளையல்களைக் குலுக்குவாள். காவலாளியே வந்துவிட்டான் என்று நான் அலறுவேன். மாமாவும் அலறுவார். அப்புறம் சித்தி அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களைவிட ஆர்வமாகப் பார்ப்பாள்.

அம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள். "ஏன்டா, புள்ளத்தாச்சி பாக்குறதாடா இதெல்லாம்? பயந்துட்டா வயித்துல இருக்குறதுக்கு ஆகுமா? அவ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் இந்தப் பேய் கேம் வீட்டுல ஓடக் கூடாது."

மாமா சிடியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் குழந்தை பிறந்தால் தடை நீங்கிவிடும் என்ற கணக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது. அதனால் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் சித்தியிடம் போய், "பாப்பா எப்ப வரும், எப்ப வரும்" என்று நச்சரித்தேன். எனக்குப் பாப்பாவின் மேல் அவ்வளவு ஆசை என்று அவள் நம்பினாள். என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "உன் குரல் கேட்டாத்தான்டி உதைக்குது" என்பாள்.

பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. ஒரு விடியற்காலையில் சித்தியை ஆட்டோவில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அதற்கடுத்த சில நாட்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. பாப்பா வந்துவிட்டதா என்று நான் கேட்டால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள், அப்பா பேப்பரை விரித்தார். இவர்களுக்கு என்னதான் ஆயிற்று என்று சலித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் மாமா வந்து, "குட்டி, வா, ரெண்டாம் பாகம் ஆடலாம்" என்றார்.

"அம்மா திட்டுவாங்களே?"

அம்மா கதவருகேதான் நின்றிருந்தாள். "போய் ஆடு" என்றாள்.

அப்படியொரு அதிர்ஷ்டம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. மாமா தன் நாற்காலியையே எனக்குக் கொடுத்தார். மவுஸும் என் கையில். இருட்டாக இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்று ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார், கதவைத் தாழ்ப்பாள் போட்டார், ஸ்பீக்கரைக் காது கிழிகிற அளவுக்கு வைத்தார். சத்தத்தைக் குறை என்று வழக்கமாகக் கத்தும் அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சலவை அறையில் மாட்டிக்கொண்டேன். வந்த வழி அடைத்துவிட்டது, வேறு வழியைக் காணோம். மூலையில் இருந்த இரும்பு அலமாரியைக் காட்டி, "இதத் தள்ளிப் பாக்கட்டுமா மாமா?" என்றேன். "அதுக்குப் பின்னாடி சும்மா சுவருதான். நீ வார்டை இன்னொரு சுத்து சுத்திப் பாரு" என்றார். சுற்றினேன். காவலாளி பிடித்தான், செத்தேன், மறுபடி சுற்றினேன். ஒவ்வொரு முறையும் மாமா, "இன்னொரு சுத்து" என்றார்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது அவர் முகமெல்லாம் கண்ணீர். எனக்குச் சிரிப்பாக வந்தது.

"பயமா இருக்கா மாமா?"

"ஆமா குட்டி. ரொம்ப."

போன மாதம் அந்த அறைக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். அலமாரியின் அடியில், தரையில், அது நகர்ந்த தடம் பளிச்சென்று தெரிகிறது. தள்ளினால் பின்னால் கதவு. அந்தப் பாகத்தை என் முதுகுக்குப் பின்னால் கடையிலேயே பலமுறை முடித்திருந்த மனிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. உடனே அவருக்கு போன் செய்தேன். இப்போது மண்ணச்சநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"மாமா, அந்த அலமாரிக்குப் பின்னாடி கதவு இருக்கு."

"அதையெல்லாம் இன்னுமா ஆடிக்கிட்டிருக்க?" என்றார். பிறகு, "அன்னிக்குத்தான் உன் சித்திய ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து எல்லாரும் வந்திருந்தாங்க. ஒரே அழுகை. நீ ஓடிப்போய், பாப்பா எங்கன்னு கேட்டுடுவியேன்னு உங்கம்மாவுக்குப் பயம். சித்தி தூங்குற வரைக்கும் உன்ன உள்ளயே வச்சிருக்கச் சொன்னா" என்றார்.

குழந்தை இறந்தே பிறந்தது என்பது பெரியவளான பிறகு எனக்குத் தெரியவந்தது. ஆனால் அந்தப் பிற்பகலையும் அதையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. தன் தங்கை வெளியே அழுவதைக் கேட்கக்கூட முடியாமல், எனக்காக ஒரு மனிதர் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம்தான் மாமா தாழ்ப்பாளைத் திறந்தார். திறக்குமுன் என்னை நிறுத்தி, "சித்தி வந்திருக்காங்க. பாப்பாவப் பத்தி மட்டும் எதுவும் கேக்கக் கூடாது, சரியா?" என்றார். சரி என்றேன். வாக்குக் கொடுத்தால் மீறாத பிள்ளை நான்.

வந்தவர்கள் போயிருந்தார்கள். சித்தி கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. கைகள் மொட்டையாக இருந்தன. படுக்கும்போது வளையல் குத்துமென்று கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேறு நல்ல செய்தி இருந்தது. கட்டிலருகே போய்க் குனிந்து, அவள் காதில் சொன்னேன்.

"சித்தி, பேய் கேம் ஆடலாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே நீங்களும் பாக்கலாம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் தலைக்கு மேலே, கதவருகே நின்ற மாமாவைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "சரிடி, பாக்குறேன்" என்றாள். அவள் ஏன் சந்தோஷப்படவில்லை என்றுதான் அன்று எனக்குக் குறையாக இருந்தது.